பேருக்கு ஒரு டோக்கன்

போன மாதம் நண்பன் ஒருவன் ஒரு எக்செல் கோப்பைக் கொண்டுவந்து காட்டினான். காசநோயாளிகளோடு வேலை செய்யும் ஒரு சிறு அமைப்பில் இருக்கிறான். சிகிச்சையை யார் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று ஆராய ஒரு குழு அவர்களிடம் தரவு கேட்டிருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் நோயாளி பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், ஊர், மாவட்டம் ஆகிய நான்கையும் ஒரு மென்பொருளில் போட்டு மாற்றியிருக்கிறார்கள். "எல்லாம் டோக்கனைஸ் பண்ணியாச்சு. ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுடா" என்றான்.

பார்த்தேன். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. நாலெழுத்துப் பெயர் இருந்த இடத்தில் வேறு நாலெழுத்து. முதலெழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் டோக்கனிலும் பெரிய எழுத்து. இரண்டு சொல் ஊர்ப்பெயருக்கு இரண்டு சொல் டோக்கன். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ தெரியாத நாட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியல் மாதிரி இருக்கும்.

ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். எந்தச் சாவியும் என்னிடம் இல்லை. மாவட்டம் தெரிந்தது, பிறகு ஊர் தெரிந்தது. அந்த ஊரில் ஒரு வரிசை 34 வயதுப் பெண் ஒருவருடையது. வாக்காளர் பட்டியலில் அவருக்குப் பொருந்தக்கூடியவர்கள் இரண்டே பேர். அங்கேயே நிறுத்திக்கொண்டேன். காசநோய் வந்திருக்கிறது என்று தெரிந்தால் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த இரண்டு பேரில் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

மென்பொருளில் கோளாறு ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது. எழுத்தாலான தகவலை 'வடிவம் மாறாமல்' டோக்கனாக்குவது என்ற யோசனையிலேயே எனக்குத் தகராறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செருப்பு டோக்கன்

டோக்கன் நமக்குப் புதுசு இல்லை. கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு வில்லை கொடுப்பார்கள், அதில் ஒரு எண். அந்த வில்லையைப் பார்த்து உங்கள் செருப்பு தோலா ரப்பரா, எத்தனையாம் நம்பர் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தத் தட்டில் இருக்கிறது என்று அந்தக் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். வில்லை தொலைந்து வேறொருவர் கையில் கிடைத்தாலும், கடைக்கு வராமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

தரவுப் பாதுகாப்பில் டோக்கன் என்பதும் இதேதான். உண்மையான மதிப்பை ஓரிடத்தில் பூட்டிவைத்துவிட்டு, அதற்குப் பதிலாக அர்த்தமில்லாத ஒரு மாற்று மதிப்பை வெளியே உலவ விடுவது.

இப்போது அந்தக் கடைக்காரர் இரண்டு மாற்றங்கள் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வில்லையை செருப்பின் அளவிலேயே செய்கிறார். அதோடு, ஒரே ஆள் எப்போது வந்தாலும் ஒரே எண்ணைக் கொடுக்கிறார். வசதிதான். ஆனால் இனி வில்லையைப் பார்த்தே உங்கள் கால் அளவு தெரியும். எந்தெந்தக் கிழமை வருகிறீர்கள் என்பதையும் வாசலில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார். எழுத்து டோக்கன்களில் நடப்பது சரியாக இந்த இரண்டும்தான்.

எண்ணுக்குத் தைத்த சட்டை

இந்த முறை வங்கி அட்டைகளுக்காக வளர்ந்தது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் நம் அட்டை எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, டோக்கனைத்தான் வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. காரணங்கள் இரண்டு. அட்டை எண் பெரும்பாலும் 16 இலக்கம். அதனால் டோக்கனும் 16 இலக்கமாக இருப்பது யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்து, ஒரு அட்டை எண் ஒருவருக்கு மட்டுமே உரியது. 'ஊரில் பத்துப் பேருக்கு இந்த அட்டை எண்தான்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெயருக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. நீளம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பெயரை ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள். எண்ணுக்குத் தைத்த சட்டையை எழுத்துக்கு மாட்டிவிடுகிறோம், பித்தான் போட்டாச்சு என்பதால் அளவு சரி என்று நம்பிவிடுகிறோம்.

நாலெழுத்துக்காரர்கள்

எழுத்தை எப்படி டோக்கனாக்குகிறார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாம். ஒரு வழி, அட்டவணை. மூன்று ஆங்கில எழுத்துகளால் 17,576 கோவைகள் செய்யலாம். அவற்றைக் கலைத்துப்போட்டு எதற்கு எது மாற்று என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்கிறார்கள். பெயரை மும்மூன்று எழுத்தாக நகர்த்தி நகர்த்தி மாற்றுவார்கள். முன் துண்டின் விடை அடுத்த துண்டின் மாற்றத்தையும் பாதிக்கும்படி சங்கிலி போடுவார்கள். இன்னொரு வழி, வடிவம் காக்கும் குறியாக்கம். நாலெழுத்தைக் கொடுத்தால் சாவி கொண்டு வேறு நாலெழுத்து வரும்.

நீளமான சொல்லுக்கு இரண்டுமே பரவாயில்லை. சிறிய சொல்லில்தான் சிக்கல். ஓரெழுத்துக்கு 26 மாற்றுதான் உண்டு. ஈரெழுத்துக்கு 676. மூன்றெழுத்துக்கு 17,576. நாலெழுத்துக்கு 4,56,976. ஐந்தெழுத்துக்குப் போனால்தான் 1,18,81,376 என்று கோடியைத் தாண்டும்.

இதில் எது போதும்? நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2016-ல் இந்தக் குறியாக்கத்துக்கு ஒரு தரத்தை வெளியிட்டது. எஃப்எஃப்1, எஃப்எஃப்3 என்று அதில் இரண்டு முறைகள். குறைந்தது 100 மாற்றுகள் இருந்தால் போதும் என்று அப்போது வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே துராக், வோதனே என்ற இருவர் சிறிய களங்களில் எஃப்எஃப்3-ஐ உடைக்க வழி காட்டினார்கள். 2019-ல் வந்த திருத்த வரைவு அந்த 100-ஐ 10 லட்சமாக உயர்த்தியது. 2025-ல் வந்த வரைவில் எஃப்எஃப்3-ஐயே தூக்கிவிட்டார்கள்.

10 லட்சம் என்ற அந்தக் கோட்டை நம் பெயர்களின் மேல் போட்டுப் பாருங்க. ஆங்கிலத்தில் எழுதினால் ரவி, மணி, தேவி, கலா, ராஜா, பாபு, வேலு எல்லாம் நாலெழுத்து. உமா மூன்றே எழுத்து. அத்தனை பேரும் கோட்டுக்குக் கீழே. ஒரு வகுப்பறையில் வருகைப் பதிவு எடுத்தால் இப்படி எத்தனை பேர் கை தூக்குவார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

மென்பொருள்கள் இதற்கு என்ன செய்கின்றன? சிறிய சொல் வந்தால் பிழை என்று நிறுத்தும்படியும் வைக்கலாம், மாற்றாமல் அப்படியே விடும்படியும் வைக்கலாம். நண்பனின் கோப்பில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதாவது, இனிஷியல் எல்லாம் அப்படியே இருந்தது. ஓரெழுத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். நம் ஊரில் இனிஷியல் என்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து. கல்யாணமான பெண்ணுக்குப் பல சமயம் கணவர் பெயரின் முதலெழுத்து. கோப்பின் அடுத்த நெடுவரிசையே தகப்பன் அல்லது கணவர் பெயர். அங்கே பூட்டிய டோக்கனுக்கு முதலெழுத்தை இங்கே இவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் டோக்கனை எண்ணினால் எத்தனை எழுத்து என்பதும் தெரிந்துவிடுகிறது. குறியாக்கம் தெரிந்த அமெரிக்க நிபுணருக்கு இது தோன்றாமல் போகலாம். நமக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

'சாவி இல்லாமல் என்ன செய்ய முடியும்' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. நியூயார்க் நகரின் 2013-ஆம் ஆண்டு டாக்சிப் பயணங்கள், சுமார் 17 கோடி, 2014-ல் பொதுவில் வந்தன. வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 என்ற ஹேஷ் கொண்டு மறைத்திருந்தார்கள். ஹேஷை யாரும் பின்னோக்கித் திருப்பவில்லை. வண்டி எண்களுக்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்தில் சாத்தியமான எண்களையெல்லாம் ஒருவர் வரிசையாக ஹேஷ் செய்து ஒப்பிட்டார். சில மணி நேரத்தில் எல்லாம் வெளிவந்துவிட்டது. டோக்கனில் சாவி உண்டு, உண்மைதான். ஆனால் அலுவலகத்துக்குள் இருந்து அந்த டோக்கன் சேவையைப் பயன்படுத்தும் எவருக்கும் சாவி தேவையில்லை. ஊரில் புழங்கும் சில ஆயிரம் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, வரும் டோக்கனைக் குறித்துக்கொண்டால் அகராதி தயார்.

எத்தனை தடவை வருகிறது?

ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே டோக்கன் வர வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு கோப்புகளை இணைக்க அது வேண்டும். ஆனால் அப்படி வந்தால், ஊரில் அதிகம் பேருக்கு இருக்கும் பெயரே கோப்பில் அதிகம் வரும் டோக்கனாகவும் இருக்கும். எழுத்துகள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணி மறைமொழியை உடைக்கலாம் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி எழுதிவைத்துவிட்டார். அவர் எழுத்தை எண்ணினார், நாம் பெயரை எண்ணுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இது மருத்துவத் தரவில் எவ்வளவு தூரம் போகும் என்று 2015-ல் நவீத், கமாரா, ரைட் மூவரும் சோதித்தார்கள். அமெரிக்காவின் 200 மருத்துவமனைகளின் தரவை எடுத்து, ஒரே மதிப்புக்கு ஒரே மறைமதிப்பு தரும் முறையில் குறியாக்கம் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பொதுவில் கிடைக்கும் வேறு தரவை ஒப்பிட்டு எண்ணியே, 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை மீட்டார்கள். குறியாக்கத்தை அவர்கள் தொடவே இல்லை.

பொதுவில் கிடைக்கும் தரவுக்கு நம் நாட்டில் பஞ்சமா? வாக்காளர் பட்டியல் ஊர் ஊராக, பாகம் பாகமாக இணையத்தில் இருக்கிறது. பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் எல்லாம் அதில் உண்டு. ஒரு ஊரில் எந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு யாரும் எடுத்துத் தரப்போவதில்லை. நண்பனின் கோப்பில் வயதும் பாலினமும் திறந்தே இருந்தன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொஞ்சம் முன்பின் இருந்ததே தவிர, மற்றபடி வேலை சுலபமாகத்தான் இருந்தது.

நீளமும் ஒரு தகவல்

மாவட்டம் எப்படித் தெரிந்தது என்று நண்பன் கேட்டான். "எண்ணினேன்" என்றேன்.

தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. இவ்வளவு சிறிய பட்டியலில் நீளம் மாறாத டோக்கன் போடுவது முகத்தை மூடிவிட்டு உயரத்தைக் காட்டுவது போல. ஆங்கிலத்தில் வழக்கமான அரசு எழுத்துக்கூட்டலில் திருச்சிராப்பள்ளிக்கு 15 எழுத்து. வேறு எதற்கும் அத்தனை இல்லை. கன்னியாகுமரிக்கு 13, அதற்கும் ஜோடி கிடையாது. நீலகிரிக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு 'தி' வருவதால், நடுவில் இடைவெளி உள்ள ஒரே மாவட்டம் அதுதான். ஐந்தெழுத்துக்காரர்கள் ஈரோடு, சேலம், கரூர், தேனி என்று நாலே பேர். அதற்கு மேல், ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறது, எந்த ஊர் டோக்கனோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தால் மிச்சமும் பிரிந்துவிடும்.

தமிழில் எழுதினால்?

'பெயர்கள் தமிழில் இருந்தால் தப்பித்திருக்குமோ?' என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே வேறொரு வேடிக்கை இருக்கிறது.

இந்த முறைகளுக்கெல்லாம் அடிப்படை அனுமானம் ஒன்று உண்டு. ஒரு எழுத்துப் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து எந்த எழுத்தை எந்த இடத்தில் போட்டாலும் அது ஒரு சொல் மாதிரி இருக்கும் என்பது அது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அது ஓரளவு சரி. தமிழுக்கு? 'செல்வி' நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஆறு குறி: ச, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, வ, கொக்கி. இந்தக் குறிகளைக் கலைத்துப்போட்டால் கொக்கியில் தொடங்கும் சொல் வரும், புள்ளிக்கு மேல் புள்ளி வரும், திரையில் வெற்றுப் புள்ளி வட்டங்களாக வந்து நிற்கும். அதை வாங்கிக்கொள்ளும் மென்பொருள் பிழை என்று துப்பிவிடும். வடிவம் மாறாது என்ற வாக்குறுதி முதல் சொல்லிலேயே போச்சு.

சரி, குறியை விட்டுவிட்டு முழு எழுத்தையே அலகாக வைத்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2010-ல் தரமாக ஏற்ற டேஸ்16 குறியேற்றத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் இருப்பதுபோல, 247 எழுத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வோம். ரவி, உமா, மணி இப்போது ஈரெழுத்து. மாற்றுகள் 61,009. மறுபடியும் 10 லட்சத்துக்குக் கீழேதான். மூன்றெழுத்துக்கு 1,50,69,223 என்று கணக்கு பெரிதாகும். ஆனால் 'ழ்ஙௌண்' என்று ஒரு டோக்கன் வந்தால் அது பெயர் மாதிரி இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று தொல்காப்பியமே வரையறுத்திருக்கிறது. ரவியும் லதாவும் டேவிட்டும் அந்த வரையறைக்கு அடங்காதவர்கள்தான். ஆனாலும் ஏதோ ஒரு வரையறை இன்றும் நம் காதில் இருக்கிறது. அதற்கு உட்பட்டு டோக்கன் செய்தால் மாற்றுகளின் எண்ணிக்கை சுருங்கும். உட்படாமல் செய்தால் பெயர் போல இருக்காது. பாதுகாப்பா தோற்றமா என்று இங்கே கேள்வி நேரடியாக வந்து நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதே கேள்விதான் இருந்தது. 26 எழுத்து அதை மறைத்துவைத்திருந்தது.

எதற்குப் பெயர் மாதிரி இருக்க வேண்டும்?

வடிவத்தைக் காப்பதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபது வருடத்துக்கு முன்னால் எழுதிய மென்பொருள், பெயர்க் கட்டத்தில் 30 எழுத்துக்கு மேல் வாங்காது, எண் வந்தால் அழும். அதைத் திருத்தி எழுதக் காசு கிடையாது. வடிவம் மாறாத டோக்கன் இருந்தால் பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் ஓடும் ஒரு சிஸ்டத்தின் உள்ளே, நாலு சுவருக்குள், இது சரியான சமரசமாகக்கூட இருக்கலாம்.

தப்பு எங்கே வருகிறது என்றால், அதே கோப்பை சுவருக்கு வெளியே கொடுக்கும்போது. ஆராய்ச்சிக் குழு பழைய சிஸ்டத்தை ஓட்டப்போவதில்லை. அவர்களுக்கு நாலெழுத்துப் பெயருக்கு நாலெழுத்து டோக்கன் எதற்கு? இன்னொன்றும் இருக்கிறது. பெயர் மாதிரியே இருக்கும் டோக்கனைப் பார்த்து, இது மறைத்ததா மறைக்காததா என்று சொல்ல முடியாது. பாதி வரிசை மாறாமல் விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் படாது. இனிஷியல்கள் அப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் தப்பித்திருக்கின்றன.

ஆதாரில் 2018-ல் ஒரு டோக்கன் கொண்டுவந்தார்கள். ஆதார் எண் 12 இலக்கம். டோக்கனோ 72 குறிகள். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமும் வெவ்வேறு டோக்கன். ஆதாரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு குறைகள் நிறைய உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யோசனை சரி. டோக்கனைப் பார்த்தால் டோக்கன் என்று தெரிகிறது. இரண்டு நிறுவனங்கள் தங்கள் கோப்புகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தாலும், டோக்கனை மட்டும் கொண்டு ஆளை இணைக்க முடியாது.

சட்டமும் இதில் குழப்பம் வைக்கவில்லை. ஐரோப்பியச் சட்டம் இப்படிப் பெயர் மாற்றிய தரவையும், கூடுதல் தகவல் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், தனிநபர் தரவாகவே நடத்துகிறது. நம் 2023 சட்டமும் ஒருவரை அடையாளம் காண முடிகிற தரவு எதுவும் தனிநபர் தரவு என்கிறது. 'டோக்கனைஸ் பண்ணியாச்சு' என்பது பொறுப்பு முடிந்ததற்கான ரசீது ஆகாது.

நண்பனிடம் நான் சொன்னவை நாலு விஷயம். டோக்கன் எல்லாம் ஒரே நீளத்தில், பார்த்தவுடன் டோக்கன் என்று தெரியும்படி இருக்கட்டும். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாவி போடு. மாவட்டம் மாதிரிச் சிறிய பட்டியலுக்கு டோக்கனே வேண்டாம். வேண்டுமென்றால் திறந்து கொடு, இல்லையென்றால் நீக்கிவிடு. வயதைப் பத்துப் பத்து வருடமாகத் தொகுத்துவிடு.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "சரிடா, பேருக்கு என்ன பண்றது?" என்றான்.

"அவங்க கேட்ட கேள்விக்குப் பேர் எதுக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். சிகிச்சையை யார் நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வயதுப் பிரிவு, பாலினம், எத்தனையாவது மாதத்தில் நிறுத்தினார் என்பது போதும். ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால் இணைக்க ஒரு வரிசை எண் போதும். பெயர் நெடுவரிசை கோப்பில் ஏற்கெனவே இருந்தது, அதனால் அதுவும் கூடவே போனது. அதை மாற்ற ஒரு மென்பொருள் வாங்கினார்கள். எடுத்துவிடலாமே என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயந்திரம் அவன் நாலு நெடுவரிசையையும் நீக்கினான். அதற்கு மென்பொருள் தேவைப்படவில்லை.